சத்தம் வராத அடி

சினிமாவில் நீங்கள் கேட்ட பளார்களில் பாதி என்னுடைய வலது தொடை. பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஸ்டுடியோவில் எனக்குக் கொடுத்த வேலை கேபிள் சுற்றுவது. பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள், நான் சுற்றிவைத்த கேபிளில் மட்டும் சிக்கு விழாததைக் கவனித்தார்கள், ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் கதாநாயகன் வில்லனை அறைகிற காட்சி வந்தது. படப்பிடிப்பில் பதிவான சத்தம் கொசு அடித்த மாதிரி இருந்தது. சீனியர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மைக்கைப் பக்கத்தில் வைத்து, உள்ளங்கையை விரித்துத் தொடையில் ஓங்கி ஒன்று விட்டேன். பிறகு தோல் பெல்ட்டை மடித்துச் சுண்டினேன். ஈரத் துண்டைத் தரையில் வீசினேன். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, கொஞ்சம் எதிரொலி கூட்டி ஓடவிட்டபோது எனக்கே கன்னம் கூசியது.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். யார் போட்டது என்று கேட்கவில்லை. ஆளுக்கொரு காப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பளார் ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய்ச் சேர்ந்தது. மாமியார் மருமகளை அடித்தாலும், போலீஸ் திருடனை அடித்தாலும், அப்பா பையனை அடித்தாலும் விழுவது என் தொடைதான். எனக்கு மட்டும் அடையாளம் தெரியும். அடி விழுந்த மறுகணம் அந்தப் பழைய ஸ்டூல் லேசாக முனகும். அதை வெட்ட வேண்டும் என்று இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தியேட்டரில் பளார் என்று விழுந்ததும் எல்லோரும் முகத்தைச் சுருக்குவார்கள். நான் ஸ்டூலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்போது எனக்கென்று ஒரு மிக்ஸிங் தியேட்டர் இருக்கிறது. படத்தின் எல்லாச் சத்தமும் கடைசியில் என்னிடம் வந்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று தீர்மானமாகி வெளியே போகும். டைட்டிலில் சவுண்ட் டிசைனர் என்று என் பெயர் வரும். அம்மா மட்டும் இன்னமும் சொந்தக்காரர்களிடம் "சினிமாவுக்கு மைக் செட் போடறா" என்றுதான் சொல்வாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தவர்கள் களைத்துப்போய்ப் பல காலம் ஆகிறது. கோபக்காரி என்று தொழிலில் ஒரு பெயர் உண்டு. அது சும்மா வந்த பெயர் இல்லை, உழைத்துச் சம்பாதித்தது.

கதைக்கு வருகிறேன். ஓர் இளம் இயக்குநரின் முதல் படம் என்னிடம் வந்தது. அதன் நடுவில் ஒரு காட்சி. கல்யாணமான மகளும் மாப்பிள்ளையும் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அம்மா சமையலறை மேசையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். கேமரா அந்த இடத்தை விட்டு நகராது. உள் ரூமில் மாப்பிள்ளை மகளை அடிக்கிறான். நாம் பார்ப்பது அம்மாவின் கைகளையும் துணிகளையும் ஃப்ரிட்ஜையும் ஒரு மூடிய கதவையும் மட்டும்தான். பிறகு மகள் வெளியே வந்து, "அவரு என்னை அடிச்சிட்டாரும்மா" என்கிறாள். இடைவேளை.

இயக்குநருக்கு என் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. எல்லா வீட்டிலும் ஓர் உள் ரூம் இருக்கிறது.

தயாரிப்பாளர் சினிமாவுக்கு வருவதற்கு முன்பு டைல்ஸ் கடை வைத்திருந்தவர். எதையும் தட்டிப் பார்த்துச் சத்தம் வந்தால்தான் நம்புவார். "இன்டர்வலும்மா அது. பளார்னு ஒண்ணு விழணும். தியேட்டர் அதிரணும். பாப்கார்ன் கையிலேர்ந்து நழுவணும்" என்றார்.

"அதுக்கென்ன சார், தாராளமா விழும்" என்றேன். என் தொடையை எடுத்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கூர்மையைக் கொஞ்சம் மழுக்கினேன், வைத்தேன். அதிர்ந்தது. தயாரிப்பாளர் கைதட்டினார். இயக்குநர் நகத்தைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அவருக்கு அதுதான் வழக்கம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலில் என் தங்கை நிற்கிறாள், கையில் ஒரு பையோடு.

"அக்கா, கொஞ்ச நாள் இங்க இருக்கலாமா?"

"இதென்ன கேள்வி? உள்ள வா மொதல்ல."

உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு என்னை அடிச்சிட்டாரு."

"எப்ப?"

"அம்மா பொறந்தநாள் அன்னிக்கு. உள் ரூம்ல."

அப்போது நான் அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம். அவன் கழுத்தை நெரிக்கிறேன் என்று கிளம்பியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு. "நான் பக்கத்துலதானே இருந்தேன்? ஒண்ணும் கேக்கலயே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அழுகை இல்லை. "இதை அவரு சொல்லுவாருன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். நீ முந்திக்கிட்ட" என்றாள்.

இது என் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி. எங்களுக்குக் கேட்காதது நடக்காதது. திரையில் கார் போகும்போது சத்தம் இல்லையென்றால் அந்தக் கார் பொய். அடுத்த தெருவில் ஜெனரேட்டர் ஓடினால் மூக்கைச் சுளிக்கிறவள் நான். அம்மாவின் பிறந்தநாள் அன்று, கேக் வெட்டி முடித்து, அம்மா பால்கனியில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஏசி ஓடிக்கொண்டிருந்த அந்த உள் ரூமுக்கும் நடுவில் ஒரு கதவுதான். ஃப்ரிட்ஜ் ஓடியது, அதன் மோட்டார் கிழடு தட்டிவிட்டது என்று கூட யோசித்தேன். கதவைத் திறந்து தங்கை கன்னத்தில் கை வைத்தபடி வந்தாள்.

"பல்லு வலியா?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள்.

கிராம்பு வைத்துக்கொள் என்று யோசனை வேறு சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் ஸ்டுடியோவில் அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டேன். அம்மா துணி மடிக்கிறாள். பளார். ஸ்டூல் முனகுகிறது. அம்மா நிமிர்கிறாள். நிறுத்தினேன். ஒருவன் ஒருத்தியைக் கதவுக்குப் பின்னால் அடித்தால் ஊருக்கே கேட்கும் என்று சனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான், என் தொடைதான். என் அம்மாவும் சொந்தக்காரர்களும் தங்கையின் புருஷனும் இந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். நானும் நானே செய்த பொய்யை நம்பி, "கேக்கலயே" என்று கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒருவர் இருக்கிறார். நடிகர்கள் நடப்பது, உட்காருவது, சேலை உரசுவது எல்லாவற்றுக்கும் மைக் முன்னால் நின்று சத்தம் செய்கிறவர். ஓர் அலமாரி நிறையச் செருப்பும் ஷூவும் வைத்திருப்பதால் எல்லோருக்கும் அவர் செருப்புக்கடை. அவரைக் கூப்பிட்டேன்.

"ஒரு அடி வேணும். நிஜ அடி. கன்னத்துல."

"யார் கன்னத்துல?" என்று ஒரு எட்டுப் பின்னால் போனார்.

"உங்க கன்னத்துலதான். உங்க கையால."

"என் பொண்டாட்டி சொல்லி அனுப்பினாளா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஓங்கித் தன்னையே ஒன்று விட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதிவானதைக் கேட்டோம். அதில் பளாரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஈரத் துணியை மேசையில் வைத்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"என்னம்மா இது? இவ்வளவு வலிச்சுது, இத்தனூண்டு கேக்குது!" என்று கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. வேண்டுமானால் இன்னொன்று அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

படத்தில் இதைத்தான் வைக்கப்போகிறேன், இந்தச் சின்ன நிஜத்தை, என்று முடிவு செய்தேன். உண்மையைப் பிடித்துவிட்டோம் என்று ஒரு திமிர் வந்தது. அந்தத் திமிரில்தான் அம்மாவிடமிருந்து வந்த ஃபோனை எடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை பெரிய மாமா வர்றாரு. மாப்பிள்ளையும் வர்றாரு. பேசித் தீத்துடலாம். அவளைக் கூட்டிக்கிட்டு வா. துணிமணியையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. அப்படியே அவரோட போயிடட்டும்."

"பேசறதுக்கு முன்னாடியே பையைக் கட்டச் சொல்றியேம்மா?"

"உன் வாய வீட்லயே வச்சிட்டு வா" என்று வைத்துவிட்டாள்.

பெரிய மாமா அம்மாவின் அண்ணன். சொந்தத்தில் எங்கே சண்டை என்றாலும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அவருடைய பலம், யார் எதைச் சொன்னாலும் "அதுவும் நியாயம்தான்" என்பது. அதனால் எல்லோரும் ஜெயித்த மாதிரி எழுந்து போவார்கள், சண்டை அப்படியே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டு ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தோம். அதே சாப்பாட்டு மேசை, அதே ஃப்ரிட்ஜ், அதே கதவு. தங்கை பையைக் கொண்டுவரவில்லை. அம்மா அதைக் கவனித்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

மாப்பிள்ளை கத்துகிற ரகம் இல்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நிதானமாக, மரியாதையாக, வருத்தப்பட்ட குரலில் பேசினான்.

"வாக்குவாதம் நடந்தது உண்மை மாமா. இல்லைன்னு சொல்லல. ஆனா கை நீட்டினேன்னு சொல்றா பாருங்க, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இந்த வீட்ல வச்சு, இத்தனை பேர் இருக்கும்போது, நான் அடிச்சா சத்தம் கேக்காதா? கதவுக்கு வெளிய யாரு உக்காந்திருந்தாங்க? அக்கா. அவங்க காது எப்பேர்ப்பட்டதுன்னு நமக்குத் தெரியாதா? ஃபேன்ல ஸ்க்ரூ லூஸா இருந்தா கீழ் வீட்லேர்ந்தே சொல்லுவாங்க. அவங்களையே கேளுங்க. அவங்க என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்."

என் காதையே எனக்கு எதிராகச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான். படு புத்திசாலி. மாமா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. கேட்டுதா, இல்லையா? ஒரே வார்த்தை."

பொய் சொல்லியிருக்கலாம். கேட்டது என்று ஒரு வார்த்தை, அத்தோடு அவன் கதை முடிந்திருக்கும். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் சத்தத்தில் பொய் சொல்லித்தான் இத்தனையும் ஆகியிருக்கிறது. இன்னொரு பளாரை என்னால் போட முடியவில்லை.

"கேக்கல" என்றேன்.

அம்மா பெருமூச்சு விட்டாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். மாமா நாற்காலியின் கைப்பிடியைத் தட்டி, "அப்ப முடிஞ்சுது" என்றார்.

"முடியல மாமா. நான் இப்ப உள்ள போறேன். அன்னிக்கு மாதிரியே ஏசியப் போட்டுக் கதவைச் சாத்திக்கறேன். என்னை நானே கன்னத்துல அறைஞ்சுக்கப் போறேன். சத்தம் கேட்டதும் நீங்க எல்லாரும் கை தட்டுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அம்மா.

"அது உனக்கு முன்னாடியே தெரியும்மா. கை தட்டினா போதும்."

உள்ளே போனேன். என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. ஸ்டுடியோவில் கதவை நடுவில் வைத்துப் பார்க்கவில்லை. ஏசி கடகடவென்று ஓடியது. கட்டில் ஓரத்தில் நின்றேன். அன்று அவள் நின்ற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று பட்டது. கையை ஓங்கி இழுத்து விட்டேன். கண்ணில் பூச்சி பறந்தது. காது குப்பென்று அடைத்து, பின்பு கிர்ரென்றது. வெளியே கைதட்டல் இல்லை. இன்னொன்று, அதைவிட ஓங்கி. உதட்டின் உள்பக்கம் பல்லில் பட்டு உப்புக் கரித்தது. வெளியே கைதட்டல் இல்லை. மூன்றாவது அடியில் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது, யார் மேல் என்று தெரியாமல் அடித்துக்கொண்டேன்.

வெளியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "என்னம்மா, ஆரம்பிக்கலாமே? எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருக்கறது?"

கதவைத் திறந்தேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, கைகளைத் தட்டுவதற்குத் தயாராக நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அம்மா "ஐயோ" என்று எழுந்து ஃப்ரிட்ஜுக்கு ஓடினாள். ஐஸை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் கன்னத்தில் அழுத்தினாள். மாமா தம்முடைய இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு மெதுவாக மடியில் இறக்கி வைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அடிச்சா கேக்காதுன்னு காமிச்சீங்க. சரி. நான் அடிச்சேன்னு காமிக்கலயே?"

"அதுவும் நியாயம்தான்" என்றார் மாமா.

கோபக்காரி, எகத்தாளக்காரி, வாயாடி என்று ஊரே சொல்லும் நான், கன்னத்தில் ஐஸோடு மரம் மாதிரி நின்றேன். அவன் சொன்னது சரி. என் காதை வைத்து நடந்ததையும் காட்ட முடியாது, நடக்காததையும் காட்ட முடியாது.

அப்போதுதான் தங்கை எழுந்தாள்.

"அதை நான் சொல்றேன். நீ என்னை அடிச்ச."

"புருஷனைப் போய் 'நீ'ன்னு சொல்றியேடி!" என்று அம்மா பதறினாள்.

"கொஞ்சம் சும்மா இரும்மா. அடிச்சது அவன்தான், அவன்கிட்டதான் பேசறேன். நீ அடிச்ச. மொதல்ல கதவைச் சாத்தின, அப்புறம் அடிச்ச. யாருக்கும் கேக்கலன்னு சொல்ற இல்ல? எனக்குக் கேட்டுது. என் காதுக்குப் பக்கத்துலதான் விழுந்துது."

"சாட்சின்னு ஒண்ணு வேணுமேம்மா…" என்று மாமா இழுத்தார்.

"நான்தான் மாமா சாட்சி. அந்த ரூம்ல நான் இருந்தேன். வேற யாரு இருந்தா, நீங்களா?"

மாமா அதுவும் நியாயம்தான் என்று சொல்லவில்லை. என் ஞாபகத்தில் அவர் அதைச் சொல்லாமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"நான் உன்கூட வரல. இன்னிக்கும் வரல, நாளைக்கும் வரல" என்று அவனிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அவன் மரியாதையான முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தான். அம்மா உருகுகிற ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தங்கையின் பின்னால் ஓடினேன்.

காரில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது. சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தேன், உதடு எரிந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"பின்ன? வலிக்காம?"

"அம்மா உனக்கு ஐஸ் கொண்டுவந்தாங்க."

"ஆமா."

"எனக்கு யாரும் கொண்டுவரல."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ எனக்காகத்தான் பண்ணின. தெரியும். ஆனா நான் சொன்னப்ப ஒருத்தரும் என் கன்னத்தைப் பாக்கலக்கா. நீ வெளிய வந்ததும் எல்லாரும் உன் கன்னத்தைப் பாத்தாங்க. எல்லாருக்கும் காமிக்க ஏதோ ஒண்ணு வேணும். உனக்கும்தான். நான் வாயால சொன்னது போதலல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. இவளுக்காக வாய் கிழிந்து உட்கார்ந்திருக்கிறேன், பேசுகிற பேச்சைப் பார் என்று வந்தது. ஹாரனை ஓங்கி அழுத்தினேன். முன்னால் வண்டி எதுவும் இல்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை என்பதால்தான் அந்தக் கோபம் என்று வீடு போய்ச் சேருவதற்குள் புரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. மன்னிச்சிடு என்றேன். சரி, பாதையைப் பார்த்து ஓட்டு என்றாள்.

அந்த வாரமே படத்தின் கடைசி மிக்ஸிங். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் ஃபோன் மேல் ஃபோன் வருகிறது என்று தங்கையும் என்னோடு வந்துவிட்டாள். பின்வரிசையில் ஒரு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். செருப்புக்கடை அவளுக்கு பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்து, தன் கன்னம் தியாகம் செய்த கதையை நடித்துக் காட்டினார். வெகுநாளுக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

அந்தக் காட்சியைத் திறந்தேன். பளாரை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அதன் இடத்தில் செருப்புக்கடையின் சின்ன அடி இருந்தது, சுவருக்குப் பின்னால், கேட்டும் கேட்காமலும். அழகாகத்தான் இருந்தது. பரிசு கூடக் கொடுப்பார்கள். கூர்ந்து கேட்கிறவன், ஆமாம், அடி விழுந்தது, நானே கேட்டேன் என்பான். கேட்டதால் நம்புவான். அவள் வெளியே வந்து வாயைத் திறப்பதற்கு முன்பே அவனுக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

அதையும் எடுத்தேன். ஃப்ரிட்ஜும் துணி மடிக்கிற சத்தமும் மட்டும் மிஞ்சின.

தயாரிப்பாளர் வந்தார். இயக்குநர் அவர் பின்னால் நகத்தோடு வந்தார். ஓடவிட்டேன். அம்மா துணி மடிக்கிறாள். ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. கதவு திறக்கிறது. "அவரு என்னை அடிச்சிட்டாரும்மா." இடைவேளை.

"அடி எங்க?" என்றார் தயாரிப்பாளர்.

"இல்ல சார்."

"இல்லன்னா? மறந்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

எழுந்துவிட்டார். "நல்லா இருந்ததை எடுத்துட்டேன்னு கூலா சொல்றே! அவன் அடிச்சான்னு ஜனங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவ சொல்றாளே சார்."

"அவ சொன்னா? அவ பொய் சொல்றாளோ என்னவோன்னு நெனப்பானே?"

"நெனக்கட்டும். ஏன் அப்படி நெனச்சோம்னு வீட்டுக்குப் போய் யோசிக்கட்டும்."

"இந்த வேதாந்தமெல்லாம் எனக்கு வேணாம். நீ போடலன்னா நான் வேற ஸ்டுடியோவுக்குப் போய்ப் போட்டுக்கறேன். ஒரு பளாருக்கா பஞ்சம்?"

"போங்க. எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும் உங்களுக்குக் கெடைக்கறது என் தொடைதான். வேணும்னா நல்லாக் காது குடுத்துக் கேளுங்க, கடைசியில ஸ்டூல் முனகும். ஆனா அதைப் போட்டீங்கன்னா டைட்டில்லேர்ந்து என் பேரை எடுத்துடுங்க. இந்தக் கதவைத் தாண்டி இந்தப் படம் பளாரோட போகாது."

அவர் இயக்குநரைப் பார்த்தார், நீயாவது புத்தி சொல்லு என்கிற மாதிரி. இயக்குநர் நகத்தை வாயிலிருந்து எடுத்தார்.

"சார், நான் எழுதினப்பவே அதுல சத்தம் இல்ல. நீங்க கேட்டீங்கன்னுதான் ஒத்துக்கிட்டேன். இதுதான் என் சீன்" என்றார். படம் தொடங்கியதிலிருந்து அவர் வாயால் நான் கேட்ட முதல் அபிப்பிராயம் அது. சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார்.

"மறுபடி போடு" என்றார் தயாரிப்பாளர்.

போட்டேன். இந்த முறை அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா துணி மடிக்கிறாள். அந்த மூடிய கதவையே இவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், எதற்கோ காதைக் கொடுத்துக்கொண்டு. ஒன்றும் கேட்கவில்லை. கதவு திறந்தது. அந்தப் பெண் அதைச் சொன்னாள். அம்மாவின் கைகள் நின்றன. திரை இருண்டது.

தயாரிப்பாளர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ள அவருக்கு மனமில்லை, ஏதாவது ஒன்றை மாற்றாமல் போகவும் முடியவில்லை.

"சரி விடு. அந்த ஃப்ரிட்ஜையாவது கொஞ்சம் ஏத்து. ரொம்பக் கம்மியா இருக்கு."

நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"வேணாம் சார். வெளிய வந்தப்ப அது அவ்வளவுதான் கேட்டுது."

தயாரிப்பாளர் திரும்பிப் பார்த்தார். என் தங்கை நாற்காலியில் காலை மடக்கியபடியே, கையில் பாதி பிஸ்கட்டோடு, அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இது?" என்று என்னைக் கேட்டார்.

"அங்க இருந்தவ சார்" என்றேன். ஃப்ரிட்ஜை ஏற்றவில்லை.